ஒட்டுப் போட்ட பாய்

எழுபதுகளில் நான் துறைமுகத்தில் குமாஸ்தா. முதலில் ஒரு பெட்டி கேமரா, அப்புறம் லென்ஸ் மாற்றுகிற கேமரா, கடைசியில் சாண் நீளத்துக்கு ஒரு லென்ஸ் என்று பைத்தியம் முற்றியிருந்தது.

புது லென்சோடு ஒரு சாயங்காலம் தருவைகுளம் கடற்கரைக்குப் போனேன். காற்று சுழற்றி அடித்தது. படத்தில் அலை நன்றாக விழும் என்று எனக்குச் சந்தோஷம். ஆனால் ஒரு வள்ளம் மட்டும் இன்னும் கரை சேரவில்லை. அந்த வள்ளக்காரரின் மனைவி என்னிடம் ஓடி வந்தார்.

“தம்பி, அதுல தூரத்துல உள்ளது தெரியுமா? எங்க வள்ளம் வருதான்னு பாருங்க.”

பார்த்தேன். “ஏதோ பாய் தெரியுதுக்கா. யாருதுன்னு தெரியல.”

லென்சை யாரையும் தொடவிடாதவன், கேமராவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். மீன் செதில் ஒட்டிய விரல்கள் அதை இறுகப் பிடித்தன.

“ஒட்டுப் போட்ட பாய்! நான் தச்சதுல்லா! மாதாவே, எங்க வீட்டுக்காரர் வாராவ!”

கத்திய வேகத்தில் விரல் பொத்தானை அமுக்கிவிட்டது.

பிலிமைக் கழுவிப் பார்த்தால் படத்தில் கடல் சரிந்து கிடந்தது. மூலையில் மங்கலாக ஒரு புள்ளி.

பிறகு எத்தனையோ லென்ஸ் வாங்கி, எத்தனையோ நல்ல படம் எடுத்தேன். வீட்டுச் சுவரில் தொங்குவது இது ஒன்றுதான். “இதுல என்ன இருக்கு?” என்று கேட்பார்கள்.

புள்ளியைத் தொட்டுக் காட்டுவேன். “வீட்டுக்கு வாராவ.”