திட்டி முடித்த பிறகு

முதலில் காபியின் வாசனை போயிற்று. அதை நான் நோய் என்று நினைக்கவில்லை. கொட்டை சரியில்லை என்று நினைத்தேன்.

ஏற்காடு கடைவீதியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித்தூள் கடை. என் கணவர் கொட்டை வாங்கி வருவார், அரைப்பார், வியாபாரத்தைப் பார்ப்பார். வறுப்பது மட்டும் இருபது வருடமாக என் வேலை. ரோஸ்டரிலிருந்து (கொட்டை வறுக்கும் உருளை) எப்போது இறக்க வேண்டும் என்பதை எனக்கு மூக்குதான் சொல்லும். அந்த வாரம் மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தடவை போட்ட கொட்டையும் கரியாகிவிட்டது.

பக்கத்து ஊரான கொட்டச்சேட்டிலிருந்து எங்களுக்குப் பல வருடமாகக் கொட்டை கொடுத்து வந்தவரைக் கடை வாசலில் நிற்கவைத்தேன். பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டாய் என்று ஆரம்பித்து, அவருடைய குடும்பம் வரைக்கும் இழுத்துப் பேசினேன். மனிதர் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனவர், பிறகு வரவேயில்லை.

அதற்கு மூன்று வாரம் முன்பு நாங்கள் அவருடைய தோட்டத்துக்கு ஸ்கூட்டரில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். சக்கரம் ஒரு கல்லில் ஏறிக் குதித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நான் மல்லாக்க விழுந்தேன். பின்மண்டை ரோட்டில் அடித்தது என்பது பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சேலத்து ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேன் (மூளையை அடுக்கடுக்காகப் படம் பிடிப்பது) எடுத்தார்கள். உள்ளே சின்ன ரத்தக்கசிவு, ஆபரேஷன் தேவையில்லை, தானாகக் கரைந்துவிடும் என்றார்கள். சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் அல்லாவுக்கு நன்றி சொன்னோம்.

தலையில் அடிபட்டுத் தப்பித்து வந்த யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துவையுங்கள். காயம் ஆறிய பிறகுதான் எங்கள் வீட்டில் நோய் தொடங்கியது.

எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம். அதுதான் வினையாகப் போயிற்று. முன்பு சாதுவாக இருந்திருந்தால், இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். நானோ வந்ததும் வராததுமாக நாலு பேரைத் திட்டினேன். "அக்கா பழையபடி ஆயிருச்சு" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

என் மகள் ஷபானா ஒருத்திதான் சந்தோஷப்படவில்லை. அவள் சேலத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வருவாள். அப்போது அவளுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. நல்ல இடம். அவளுக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஏழெட்டுப் பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெண் எப்படி என்று மாப்பிள்ளையின் அம்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

"நல்ல புள்ளைதானுங்க. காலேஜ் படிக்கறப்ப ஒரு பையனுக்காக மூணு மாசம் அழுதா. இப்பெல்லாம் அழுவறதில்லீங்க" என்றேன்.

கேட்டதற்குப் பதில் சொன்ன திருப்தியோடு இனிப்புத் தட்டை நீட்டினேன். யாரும் எடுக்கவில்லை. நானே இரண்டு எடுத்துச் சாப்பிட்டேன். அவர்கள் மரியாதையாகவே எழுந்து போனார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஷபானாவும் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அத்தாவிடம் (அப்பாவிடம்) மட்டும் போனில் பேசுவாள்.

எனக்கு எதுவும் உறைக்கவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்று இருந்தேன். இதற்கு நோயறிவின்மை (தனக்கு நோய் இருப்பதே தனக்குத் தெரியாத நிலை) என்று பெயர். சுற்றியிருப்பவர்களைத்தான் அது வாட்டும். நோயாளி நன்றாகத் தூங்குவார். நான் தூங்கினேன்.

மூக்கைக் காட்டலாம் வா என்று ஒருநாள் என் கணவர் சேலத்துக்குக் கூட்டிப்போனார். மூக்கு டாக்டர் பார்த்துவிட்டு மூக்கில் குறையில்லை என்றார். தலையில் அடிபட்டதைக் கேட்டவர், என் கணவரைத் தனியாக அழைத்து ஏதோ விசாரித்தார். பிறகு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு நாங்கள் போய் நின்ற அறையின் வாசலில் மனநல மருத்துவர் என்று போட்டிருந்தது.

"ஏனுங்க, என்னையப் பைத்தியம்னே முடிவு பண்ணிட்டீங்களா?" என்று தாழ்வாரமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன்.

"மூக்குக்குத்தான். சும்மா வா" என்றார் அவர்.

அந்த மருத்துவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் வேண்டாம் என்றார். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் அடிபட்டவர்களின் மனம் எப்படி மாறுகிறது, அவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைப் பற்றிப் பல வருடமாக ஆராய்ந்து எழுதி வருபவர். அன்று எனக்கு அது ஒன்றும் தெரியாது. கண்ணை மூடச் சொல்லி மூன்று குப்பிகளை மூக்கருகே காட்டினார். காபித்தூள், கிராம்பு, சோப்பு. "காலி பாட்டிலக் காட்டி ஏமாத்தறீங்களா?" என்றேன். அவர் கோபப்படாமல் நான் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டார்.

வாசனையைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் கண்ணுக்கு மேலே, மூளையின் முன்பக்கத்து அடியில் போய்ச் சேர்கின்றனவாம். யாரிடம் எதைச் சொல்லலாம், எதை விழுங்கிவிட வேண்டும் என்று நிறுத்திப் பார்க்கிற பகுதியும் அங்கேதான் இருக்கிறது. பின்மண்டையில் அடி விழுந்தால் மூளை முன்னால் போய் எலும்பில் மோதும். இழைகள் அறுந்துவிடும், அந்தப் பகுதி நசுங்கும்.

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊடுங்க. ஒரே மரம் ரெண்டு ஊட்டு மேலயும் விழுந்திருக்கு" என்று சொன்னார். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை.

வாசனை திரும்ப வராமலே போகலாம் என்பதையும் அன்றே சொல்லிவிட்டார். கோபத்தின் வேகத்தைக் குறைக்க மாத்திரை தந்தார். வாரம் ஒருமுறை பயிற்சி. நான் எல்லை தாண்டினால் என் கணவர் காபி அளக்கும் டப்பாவால் மேஜையில் ஒரு தட்டு தட்ட வேண்டும், நான் உடனே வாயை மூட வேண்டும். ஆரம்பத்தில் அந்த டப்பாவைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். பிறகு மெல்ல மெல்ல, தட்டுவதற்கு முன்பே நிறுத்தப் பழகினேன்.

வறுப்பதையும் புதிதாகக் கற்றேன். கொட்டை முதலில் பொரி போல வெடிக்கும், அடங்கும், மறுபடி மெல்லிசாகச் சடசடக்கத் தொடங்கும். அதற்குள் இறக்கிவிட வேண்டும். இருபது வருடம் காதில் விழுந்தும் கேட்காத சத்தம் அது. கொட்டச்சேட்டுக்காரர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, மண்டைல அடிபட்டதாலன்னு தெரியாமப் போச்சு" என்றார். மறுவாரம் சாக்கு வந்தது.

ஷபானா வரவில்லை.

ஒன்றரை வருடம் கழிந்து மருத்துவர் ஒரு மருத்துவ இதழுக்குக் கட்டுரை எழுதினார். பெயர் சொல்லாமல் என் கதையும் அதில் வருகிறது, என் சம்மதம் வேண்டும் என்றார். என்னவென்று தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று, நான் வரும் பகுதியை அவரே தமிழில் எழுதி வைத்திருந்தார். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன்.

நோயாளி கோபப்படுகிறாரா என்று மட்டும் கேட்டால் போதாது என்று அதில் எழுதியிருந்தார். அடிபடுவதற்கு முன்பு எப்படிக் கோபப்படுவார் என்று கூட இருந்தவர்களிடம் கேட்க வேண்டும். ஸ்கேனில் தெரியாதது அங்கே தெரியும். அதற்கு ஆதாரமாக ஒரு நோயாளியின் மகள் சொன்னதைக் கொடுத்திருந்தார்.

"எங்கம்மா எப்பவும் திட்டுவாங்க. ஆனா திட்டி முடிச்சதும் 'சாப்பிட்டியா கண்ணு'ன்னு கேப்பாங்க. விழுந்ததுக்கப்புறம் திட்டறாங்க, கேக்கறதில்லீங்க. அது எங்கம்மா இல்லீங்க. எப்படியாச்சும் சரி பண்ணிக் கொடுங்க."

அந்த மகள் நான்கு தடவை தனியாக வந்து போனதாகவும் அதில் இருந்தது. அது ஷபானா. என்னோடு பேசாத மகள், எனக்காக வந்திருக்கிறாள். இரண்டாம் முறை படிக்கும்போது கூடத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரின் முகங்கள் ஞாபகம் வந்தன. வாசற்படியில் நின்ற அவள் முகமும். ஒன்றரை வருடத்துக்கு முன்பு வந்திருக்க வேண்டிய அழுகை அன்றைக்கு வந்தது. என் கணவர் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். "குணமாயிட்டாங்கன்னு போடுங்க டாக்டர்" என்றேன்.

"வாசனை இன்னும் வரல. உங்க மக இன்னும் வரல. நான் எப்படிங்க அப்படிப் போடறது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக ஒரு சொல்லைக்கூட மாற்றாத அந்த நேர்மைக்கு முன்னால் என் வாய் முதன்முறையாகத் தானாக மூடிக்கொண்டது. அந்த அம்மாள் எழுதியதை நம்பி இனி எத்தனையோ டாக்டர்கள் எத்தனையோ வீடுகளில் சரியான கேள்வியைக் கேட்பார்கள்.

மகள் சொன்னதும் கட்டுரையில் இருப்பதால் அவள் சம்மதமும் தேவைப்பட்டது. அடுத்த வாரம் அதே பெஞ்சுக்கு வந்தாள். எங்களுக்கு நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். ஏன் இப்படி எலும்பும் தோலுமாக வந்து நிற்கிறாய் என்று பிடிபிடியென்று பிடித்தேன். என் கணவர் கையில் அன்று டப்பா இல்லை. நானே நிறுத்தினேன்.

"அன்னைக்கு உன்னைய எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்திட்டேன் கண்ணு. தப்பு" என்றேன்.

"அந்த இடம் போனது போனதுதானுங்கம்மா" என்றாள். அழவில்லை.

திட்டி முடித்ததும் கேட்கிற அந்தக் கேள்வி என் வாய்வரை வந்தது. ஆனால் அதைத்தான் காகிதத்தில் படித்துவிட்டேனே. இனி கேட்டால் நடிப்பாகாதா? மனசில் பட்டதை அப்படியே சொன்னேன். "உன்னைய ஒண்ணு கேக்கோணும்னு இருக்குது. தானாத் தோணுதா, அதைப் படிச்சதனால தோணுதான்னு எனக்கே தெரியல."

ஷபானா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எதனால தோணுனா என்னங்கம்மா. கேளுங்க."

கேட்டேன். இல்லை என்றாள். மூன்று பேரும் எழுந்து சாப்பிடப் போனோம்.

இப்போது அவள் மறுபடியும் சனிக்கிழமைகளில் வருகிறாள். என் உடம்பு பழையபடி ஆகவில்லை. கோபம் முன்பு போலவே உடனே வந்துவிடுகிறது. பாசம் எங்கேயோ பின்னால் நடந்து வருகிறது. அது வரும்வரை பேசாமல் காத்திருக்கப் பழகியிருக்கிறேன். இதை அவளிடமும் சொல்லியிருக்கிறேன். சில வாரம் அது வந்து சேர்வதற்குள் மகள் பஸ் ஏறிவிடுகிறாள். கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் இறங்கி, சேலம் போய், அவள் ஹாஸ்டலில் பையை வைத்திருப்பாள். அப்போதுதான் எனக்குள் அது எட்டும். உடனே போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பேன்.

"ஆச்சுங்கம்மா. இப்பத்தான் வந்து சேந்துச்சாங்க?" என்று சிரிப்பாள்.