அண்ணனுக்குக் கேட்கிற மாதிரி

என் அண்ணன் மகளைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். அவள் செய்தி வாசித்தால் ஒரு வார்த்தை கூடத் தேயாதாம், அதைத் தலைநகரத்தில் பெரிய ஆசிரியர் ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம். பேத்தி படித்துக் காட்டினாள். இன்னொரு தரம் படி என்றேன். இன்னொரு தரமும் அதே ஆசிரியர்தான் வந்தார். அப்படியானால் பேனாவை எடு, நான் சொல்கிறேன் என்றேன். அந்த ஆசிரியர் நல்லவராகவே இருக்கட்டும். அவரிடம் போய்ச் சேரும்போதே அவள் வாய் தயாராகத்தான் இருந்தது. தயார் பண்ணியது என் அண்ணனின் காது.

அண்ணன் சுரங்கத்தில் துளை போடுகிறவர். வெடி வைப்பதற்கு முன்னால் பாறையில் வரிசையாகத் துளை போட வேண்டும். மெஷினைத் தோளோடு அணைத்து நின்றால் பாறை அதிரும், பல் அதிரும், உள்ளே குடல்கூட அதிரும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு போவார்கள். பஞ்சு என்ன செய்யும், பாவம். முதலில் கடிகாரச் சத்தம் போயிற்று. அப்புறம் கூரையில் மழை விழுகிற சத்தம். அப்புறம் அண்ணி அடுப்படியில் முணுமுணுப்பது.

"அது ஒண்ணுதான் கம்பெனி எனக்குக் குடுத்த போனஸ்" என்பார் அண்ணன்.

"உங்களுக்குக் கேக்கலைன்னு நான் நிறுத்திட்டேனா என்ன?" என்பாள் அண்ணி, அவர் முகத்துக்கு நேராக வந்து.

எங்கள் ஊரில் பாதி வீட்டில் இப்படி ஒரு ஆள் இருப்பார். அதனால் பேசுகிற முறையே வேறு. யாரையும் பின்னால் இருந்து கூப்பிட மாட்டோம். தோளைத் தொட்டு, முன்னால் வந்து, முகத்தைக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்போம். சாப்பாட்டை மென்றுகொண்டே பேச மாட்டோம், உதடு குழம்பிவிடும். வெளியூரில் இருட்டில் ஆள் வந்தால் வந்தவர் முகத்தில் விளக்கைப் பிடிப்பார்கள். நாங்கள் எங்கள் முகத்திலேயே பிடித்துக்கொண்டு பேசுவோம். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் பயந்து போவார்கள்.

அண்ணன் மகள் பாப்பா நடக்கப் பழகும்போதே இதையும் பழகினாள். பள்ளிக்கூடம் விட்டு வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வருவாள். அண்ணன் திரும்ப மாட்டார். போய்த் தொட்டால்தான் திரும்புவார்.

"முன்னால வா. மூஞ்சைக் காட்டு. ம், இப்போ சொல்லு."

அவசரத்தில் அவள் சொல்லின் கடைசியை விழுங்கிவிட்டால், "மிச்சத்தை நீயே தின்னுட்டியா? அப்பாவுக்குக் குடும்மா" என்பார். அவள் மறுபடி முதலிலிருந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையில் வைப்பது போலச் சொல்லுவாள். அண்ணனுக்கு ஊரிலேயே முழுசாகப் புரிந்த பேச்சு அவளுடையதுதான். நான் சொல்லி விளங்காததைக்கூடப் பாப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அந்தப் பெண் படிப்பை முடித்துவிட்டு வந்து, ரேடியோவில் செய்தி வாசிக்க ஆள் எடுக்கிறார்கள், போகிறேன் என்றாள். வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. அண்ணன் மட்டும் தட்டைத் தள்ளி வைத்தார்.

"உலகத்துல வேற வேலையே இல்லையா? எனக்குக் கேக்காத எடமாப் பார்த்துத்தான் போய்ப் பேசணுமா?"

அவர் அப்படிக் கேட்டதும் பாப்பா அழுதுவிட்டாள். ஆனாலும் போனாள். பிடிவாதம் எங்கள் குடும்பத்துச் சொத்து, அவள் பங்கை அவள் எடுத்துக்கொண்டாள்.

அங்கே குரல் தேர்வில் நடந்ததை அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி ஒருவர் குனிந்து எதையோ திருகிக்கொண்டு, "ம், ஆரம்பிங்க" என்றாராம். இவள் வாயைத் திறக்கவில்லை. அவர் மறுபடி சொன்னார். இவள் அப்படியே நின்றாள். பொண்ணு பயந்துவிட்டது, அடுத்த ஆளைக் கூப்பிடு என்று அவர் எரிச்சலோடு நிமிர்ந்தார். நிமிர்ந்ததுதான் தாமதம், இவள் கடகடவென்று தொடங்கிவிட்டாள்.

"ஏம்மா, இவ்வளவு நேரம் என்ன பண்ணினே?"

"நீங்க என் மூஞ்சைப் பாக்கலையே சார்."

எங்கள் ஊர்க்காரி வேறு என்ன செய்வாள்?

வேலை கிடைத்தது. வீட்டுக்கு ஒரு ரேடியோ வாங்கி அனுப்பினாள். அண்ணனுக்கு அது வெறும் பெட்டி. சாயங்காலச் செய்தி நேரத்துக்குத் தெருவே உள்ளே வந்து உட்காரும், அவர் எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு நாள் அண்ணி அவரைப் பிடித்து உட்கார வைத்து, ரேடியோ பக்கத்தில் நின்றுகொண்டு, மகள் சொல்லச் சொல்ல அதையே வாயசைத்துச் சொன்னாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அண்ணியோ சும்மா இருக்கிறவள் இல்லை. மந்திரி பாலம் திறந்தார் என்பதோடு, நம் தெருக் குழாயை எப்போது திறப்பாராம் என்றும் சேர்த்துவிடுவாள்.

அண்ணன் கண்ணைச் சுருக்குவார். "இது பாப்பா படிச்சதா, நீ போட்டதா?"

"எல்லாம் ரேடியோல வர்றதுதான்!"

"ரேடியோ நம்ம தெருக் குழாயைப் பத்திப் பேசுதா?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவரும் சிரிப்பார். எல்லோரும் போன பிறகு மட்டும் என்னைத் தொட்டு, "கடைசி எழுத்தை முழுங்காமப் படிக்கிறாளா?" என்று கேட்பார். படிக்கிறாள் அண்ணே என்பேன். தலையை ஆட்டிக்கொள்வார். நாட்டுக்கே கேட்கிற குரல், பெற்ற அப்பாவுக்கு மட்டும் கேட்கவில்லை. அதை அவர் வாயால் சொன்னதில்லை.

பிறகு டிவி வந்தது, பாப்பாவை அதற்கு மாற்றினார்கள். சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் டிவி வைத்தார்கள். முன்பெஞ்சு முழுக்கத் துளை போட்டு ஓய்ந்தவர்கள். அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். இனி அண்ணியின் சரக்கு வேண்டாம், மகள் வாயாலேயே கேட்கப்போகிறோம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பாப்பா திரையில் வந்தாள். வணக்கம் சொன்னாள். உடனே காகிதத்தைப் பார்த்துக் குனிந்துவிட்டாள். நிமிர்வாள், நாலு வார்த்தை, மறுபடி குனிவாள்.

"குனியாதே பாப்பா! மூஞ்சைக் காட்டு!"

தன் குரல் தனக்குக் கேட்காதவர் இல்லையா, மன்றமே அதிர்ந்தது. பின்னால் இருந்த இளசுகள் சிரித்தார்கள். சிரிப்பு அவருக்குக் கேட்கவில்லை, ஆனால் திரும்பிப் பார்த்துவிட்டார். எழுந்து வீட்டுக்குப் போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் என்றார்.

மறுநாள் சுரங்க ஆபீஸுக்குப் போய், போன் போட்டுக் கொடு என்று கிளார்க் மேஜை முன்னால் உட்கார்ந்துகொண்டேன். போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவர் வேறு வேலை பார்த்தார்.

"பாப்பா, உங்கப்பாவுக்குப் பாதிதான் கேட்டுச்சு."

அவள் மெதுவாகச் சொன்னாள். "அத்தை, காகிதமே கடைசி நேரத்துலதான் கைக்கு வருது. பாக்காமச் சொன்னா தப்பு வரும். தப்பு வந்தா வேலை போயிடும்."

"வேலை போகணும்னு நான் சொல்லலைம்மா. அவர் இனிமே வரமாட்டேங்கறார், அதைத்தான் சொன்னேன்."

அவள் என்ன பாடுபட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு வாக்கியத்தை ஒரே பார்வையில் அள்ளிக்கொண்டு, முகத்தை நிமிர்த்திவிட்டு அப்புறம் சொல்லிப் பழகினாளாம். ஒரு நாள் பாதியில் மறந்துபோய், நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று மேலதிகாரி எச்சரித்தார். அதற்குப் பிறகும் அவள் குனியவில்லை.

எங்கள் ஊரில் முன்பெஞ்சுக்காரர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அண்ணனோடு சுரங்கக் கூண்டில் இறங்கி ஏறிய பழைய கூட்டாளி ஒருவர் வீட்டுக்கே வந்து, அவர் தோளைத் தொட்டார்.

"வாப்பா. உன் பொண்ணு இப்போ நமக்குக் கேக்கற மாதிரி பேசுது."

அண்ணன் கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார்.

மன்றத்தில் நடுவில் இடம் விட்டு வைத்திருந்தார்கள். பாப்பா வந்தாள். பார்வை ஒரு தரம் தாழ்ந்தது, முகம் நிமிர்ந்தது, அப்புறம்தான் வாய் திறந்தது. அண்ணனின் உதடும் அவள் உதட்டோடு சேர்ந்து அசைந்தது. முழு வாக்கியம். அடுத்ததும் முழு வாக்கியம்.

பக்கத்தில் இருந்த அண்ணிக்கு வாய் சும்மா இருக்குமா? இத்தனை வருஷப் பழக்கத்தில் ஏதோ எடுத்துச் சொல்ல அவர் தோளைத் தொட்டாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் கையை விலக்கினார்.

"தொடாதே. பாப்பா பேசிட்டிருக்கா."