யாருமே சும்மா இல்லை

பாப்பா, தம்பி, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் கேம் ஆடிக்கொண்டிருந்தபோது நான் கத்திக்கொண்டே கம்ப்யூட்டரை சுவிட்சோடு அணைத்தேன். தம்பி, நீ அழுதாய். பாப்பா, நீ அழவில்லை. "ஒரு கேமுக்குப் போயி யாராவது இவ்ளோ கத்துவாங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாய்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இது. கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அது உங்கள் மேல் இல்லை. யார் மேல் என்பதையாவது நான் சொல்ல வேண்டும். நான் ஐ.டி.ஐ. படித்தவன், எழுதிப் பழக்கம் இல்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமிலிருந்தே வருகிறேன். ஆளில்லாத காட்டில் கொஞ்சம் பேர் குடியேறுகிறார்கள். குடிசை போட்டு, பயிர் வைத்து, குளிர் வருவதற்குள் பிழைத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது நம் வேலை. அதற்குத் திரையில் ஒரு பலகை வரும். பக்கத்தில் ஆட்கள், மேலே வேலைகள்: சமையல், மரம் வெட்டுவது, மூட்டை தூக்குவது, நோயாளியைப் பார்ப்பது. எது முதல் வேலை, எது அடுத்தது என்று கட்டம் கட்டமாக எண் போட வேண்டும். அதைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. மறைமலைநகர் கம்பெனியில் லைன் லீடராக நான் தினமும் செய்வது அதுதானே? "அப்பா உக்காந்தாருன்னா ஷிப்டு ஆரம்பிச்சிடும்டி" என்று தம்பி, நீ கிண்டல் செய்வாய். செய்யட்டும் என்று விட்டுவிடுவேன்.

நான் எப்போதும் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் எண் போடாமல் விடுவேன். அந்த ஆள் கிணற்றுப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும். ஓரத்தில் மஞ்சள் எழுத்தில் 'ஐடில்' என்று வரும், சும்மா இருக்கிறார் என்று அர்த்தம். யாராவது நோயில் படுத்துவிட்டால் அந்த ஆளை நான் கையால் அனுப்புவேன். "யப்பா, அந்த அக்கா வேலையே செய்யாம சோறு துன்னுகினே கீது. அத்த மட்டும் ஏன் சும்மா வுடுற?" என்று கேட்பீர்கள். "இருக்கட்டும்" என்பேன். காரணம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் லைனில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் இடத்தை விட்டுப் போனால் லைனே நின்றுவிடும். பாத்ரூம் போகணும் என்றால்கூட அந்த இடத்தில் வேறொருவர் வந்து நிற்க வேண்டும். அப்படி மாற்றிவிடுகிறவர் பேர் ரிலீவர். அவருக்குச் சொந்தமாக ஒரு மெஷின் கிடையாது. நடக்கலாம், கொஞ்சம் உட்காரலாம், தனக்குத் தேவையானபோது தானும் போய்வரலாம்.

இன்றைக்கு ரிலீவர் யார் என்று நாங்கள் கம்பெனியில் முடிவு செய்வதில்லை. செங்கல்பட்டிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸிலேயே முடிந்துவிடும். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். அன்றைக்கு யாருக்கு முடியவில்லையோ அவர்தான் அதில் உட்காருவார். காய்ச்சலாக இருக்கும், சாவு வீட்டில் கண் விழித்ததாக இருக்கும், பெண்களுக்கு என்னிடம் சொல்ல முடியாததாக இருக்கும். நான் கேட்க மாட்டேன். அவர்களும் சொல்ல வேண்டாம். இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. நான் சேர்ந்தபோதே இருந்தது. யாரும் அதை வைத்து ஏமாற்றி நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் வேலை பிரிப்பதற்கு ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் வந்தது. வாசலில் பெரிய டிவி வைத்தார்கள். யாருக்கு எந்த மெஷின் என்று அதுவே போட்டோவோடு காட்டும். பிளானிங்கில் இருக்கிற இன்ஜினியர் சார் சின்ன வயசு, நன்றாகப் பேசுகிறவர். மீட்டிங்கில் சந்தோஷமாகச் சொன்னார்: "இனிமே லைன்ல யாருமே சும்மா இல்லண்ணா." ரிலீவர் இருந்த இடத்தில் அந்த டிவி 'ஐடில்' என்றுதான் கண்டுபிடித்திருந்தது. அந்த ஆளுக்கும் ஒரு மெஷினைக் கொடுத்துவிட்டது. அவசரத்துக்கு நான் போய் நிற்கலாம் என்றால், எனக்கு இரண்டு லைனைக் கொடுத்திருந்தது.

எங்கள் லைனில் ஒரு அம்மா. மாமல்லபுரம் ரோட்டில் உள்ளே ஒரு ஊர். முதல் டவுன் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு வந்து எங்கள் பஸ்ஸில் ஏறும். கான்ட்ராக்ட் ஆள்தான், ஆனால் அந்தம்மா வாய்க்கு மேனேஜரே ஒதுங்கிப் போவார். டிவி வந்த பிறகு ஒரு காலையில் அந்தம்மா ஏறி, நேராக அந்த ஒற்றை சீட்டில் உட்கார்ந்தது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, பழைய நெனப்புல குந்திகினியா? அதான் டிவி வந்துட்ச்சே."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு அண்ணாத்த. உன் டிவி ஒரு நாளு பஸ் ஏறி வரட்டும், நானே எழுந்து எடம் குடுக்குறேன்."

பஸ்ஸே சிரித்தது. அந்தம்மா சிரிக்கவில்லை. திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தது. நான் தலையசைத்தேன்.

வாசலில் டிவி அந்தம்மாவுக்குப் பிரஸ் மெஷின் காட்டியது. தகடு அமுக்குகிற மெஷின், ஷிப்டு முழுக்க நிற்க வேண்டிய இடம். நான் இன்ஜினியரிடம் ஓடினேன்.

"சார், இந்தம்மாவ இன்னிக்கு மாத்திடுங்க."

"என்ன காரணம் போடட்டும்ண்ணா?"

"காரணம் எனக்குத் தெரியாது சார்."

"தெரியாம எப்டிண்ணா மாத்துறது?"

"கேக்காம வுடுறதுதான் சார் எங்க மொறை. ஒரு கட்டத்தக் காலியா வுடுங்க, நான் பாத்துக்கறேன்."

"காலியா விட்டா சிஸ்டம் எடுத்துக்காதுண்ணா. எரர் அடிக்கும்."

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தம்மா பிரஸ் மெஷின் முன்னாலேயே சரிந்துவிட்டது. நான் அப்போது அடுத்த லைனில் இருந்தேன். கை மெஷினுக்குள் மாட்டவில்லை, அந்த மட்டும் பிழைத்தது. காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்று பக்கத்து மெஷின் பெண் சொன்னது. குடித்தால் போக வேண்டும், போனால் மாற்றிவிட ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். கான்ட்ராக்ட்காரர் போனில், "உடம்ப நல்லா பாத்துக்கோ, அப்புறமா கூப்புடுறேன்" என்றாராம். அந்த 'அப்புறமா'வுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் கேட்டது இது: "முடியலன்னா அந்தம்மா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

நான் எழுந்து நின்று, "சொன்னாங்க சார்" என்றேன்.

"யார்கிட்ட? எப்ப?"

"பஸ்ல. டிரைவர் பின்னாடி சீட்ல ஒக்காந்தாங்க. பஸ்ஸு முழுக்கத் தெரியும்."

சிரித்தார்கள் பிள்ளைகளா. அத்தனை பேரும் சிரித்தார்கள். சீட்டில் உட்கார்ந்தது தகவலா என்று ஒருவர் கேட்டார். ஒரு பெண் வாய் திறக்காமல் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள். அது இவர்களுக்கு எட்டவில்லை என்றால் காது யாருக்குக் கோளாறு? விழுந்தவள் மேலேயே குற்றத்தையும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். சும்மா நிற்பவர் என்று அவர்கள் வெட்டியது ஆளை அல்ல. இத்தனை பேர் மனுஷராக நிற்பதற்கு இருந்த ஒரே இடத்தை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே போயிருந்த நான் வீட்டுக்குள் நுழைகிறேன், பாப்பா ஓடிவந்து கையைப் பிடித்து இழுக்கிறாய். "ப்பா, இனிமே நீ உக்காந்து நம்பர் போட வேணாம். ஆட்டோ போட்டுட்டோம். அதுவே வேலை பிரிச்சிக் குடுத்துடும். பாரேன், யாருமே சும்மா இல்ல!"

பார்த்தேன். எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். கிணற்றடியில் ஒருவரும் இல்லை. எப்போதும் சும்மா சுற்றுகிற அந்தப் பெண் கல் சுமந்துகொண்டிருந்தது. குடிசைக்குள் ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். தலைக்கு மேல் 'பசி' என்று சிவப்பாக எழுதியிருந்தது. நோயாளிக்குச் சோறு கொடுப்பது எல்லோருக்கும் கடைசி வேலையாக இருந்தது. கடைசி வேலைக்கு யாருக்கும் நேரம் வரவில்லை.

என் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. நீங்கள் சொன்னது இன்ஜினியர் சொன்ன அதே வார்த்தை. உங்களுக்கு அது எப்படித் தெரியும்? அந்தம்மாவை நீங்கள் பார்த்ததுகூட இல்லை.

அந்தம்மாவை இன்னும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நான் கான்ட்ராக்ட்காரரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன். "லிஸ்ட்ல வந்தா சொல்றேன்" என்கிறார். ஒற்றை சீட்டு காலியாகவே மறைமலைநகர் வரை வருகிறது. யாருக்கும் உடம்பு முடியாமல் போவதில்லை என்று அர்த்தமா அது?

போன வாரம் எனக்கு லீவு, உங்களுக்குப் பள்ளிக்கூடம். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டேன். அன்று நான் அணைத்த இடத்திலேயே கேம் நின்றிருந்தது. உங்கள் ஆட்டோவை எடுக்கவில்லை, மற்றவர்களை அதிலேயே விட்டேன். அந்த ஒரு பெண்ணின் வரிசையை மட்டும் தனியே பிரித்து, கட்டம் கட்டமாக எண்களை அழித்தேன். எல்லாம் காலியாயிற்று. எரர் எதுவும் அடிக்கவில்லை. ஓரத்தில் அந்த மஞ்சள் எழுத்து வந்தது, அவ்வளவுதான். அந்தப் பெண் தூக்கி வந்த கல்லைப் பாதியிலேயே இறக்கி வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு நடந்து போனது. படுத்திருந்தவருக்குச் சோறு கொண்டுபோக அதை அனுப்பினேன். அது போய்ச் சேரும்வரை உட்கார்ந்திருந்து, சேவ் போட்டுவிட்டு எழுந்தேன்.