எல்லை வளைவில் மாட்டிய செடிகள்

ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும் எல்லை வளைவைச் செடி வைத்து மூடப்போகிறார்கள் என்றதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. செடிகள் எங்கள் நர்சரியில் வளர்ந்தவை. நான் அங்கே கூலிக்காரி. நிழல்வலைக்குள் வளர்ந்த செடியை வெயிலுக்குப் பழக்காமல் வெளியே வைத்தால் செத்துப்போகும்.

"பத்து நாளாவது வெயில்ல வெச்சுப் பழக்கணும் சார்," என்றேன்.

"நாளைக்கே திறப்பு விழாம்மா. நாளைக்குப் பச்சையா இருந்தாப் போதும்," என்றார் காண்ட்ராக்டர்.

பொழுது சாய்வதற்குள் தொட்டிகளைக் கம்பியில் மாட்டி முடித்தோம். விழாவுக்கு வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரே வாரத்தில், வெயிலிலும் லாரிப் புகையிலும் எல்லாம் கருகிவிட்டன. காய்ந்ததைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் மாட்டச் சொன்னார்கள். மறுபடியும் பத்து நாள் கேட்டேன். மறுநாளே யாரோ அதிகாரி வருகிறாராம்.

நேற்று ஐந்தாவது முறையாக ஏணியில் ஏறினேன். கம்பெனியில் வேலை போன என் வீட்டுக்காரர் கீழே நின்று தொட்டிகளை எடுத்துக் கொடுத்தார். பத்து நாளைப் பற்றி இப்போதெல்லாம் நான் வாயே திறப்பதில்லை. இந்தச் செடிகள் பிழைத்துவிட்டால் எங்கள் இரண்டு பேரையும் யார் கூப்பிடுவார்கள்?