என் மாமனாரின் பால்வெள்ளை நாய்கள்

பம்பாய் செம்பூரில் என் மாமனார் வீட்டு நாய்கள் கூப்பிட்டால் வராது. அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே மருமகளாகப் போனபோது காம்பவுண்டுக்குள் நான்கு இராஜபாளையம் நாய்கள் இருந்தன. உச்சி முதல் வால் நுனி வரை பால்வெள்ளை, ரோஜா நிற மூக்கு. பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் தொண்டை வறளக் கத்தினாலும் ஒன்றுகூடத் திரும்பாது. யாராவது அதைக் கவனித்துக் கேட்டுவிட்டால் மாமனார் மீசையைத் தடவிக்கொண்டு விளக்கம் தருவார்.

"கூப்பிட்ட குரலுக்கு வால ஆட்டிக்கிட்டு ஓடி வர்றதுக்கு இதென்ன தெரு நாயா? அரண்மனைச் சாதி. அதுக்காத் தோணணும், அப்பத்தான் வரும்."

கேட்டவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் மாட்டுங்காவிலிருந்தும் பாண்டுப்பிலிருந்தும் நம் ஊர்க்காரர்கள் குட்டிக்குச் சொல்லிவைக்க வந்துவிடுவார்கள். பம்பாயில் நாலு காசு சேர்ந்த தமிழனுக்கு அப்போது வாசலில் ஒரு வெள்ளை நாய் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு குஜராத்திக்காரர் பொமரேனியன் வைத்திருந்தால் நாம் விட்டுக்கொடுக்க முடியுமா? ஊர்ப் பெருமையை நாய்ச் சங்கிலியில் கட்டி நடத்திக்கொண்டு போனார்கள்.

மாமனாருக்குக் காட்டன் க்ரீன் பஞ்சு மார்க்கெட்டில் வேலை. பஞ்சு செலக்டர். பேல் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி பஞ்சை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரகம் சொல்ல வேண்டும். வெள்ளை என்றால் மேல் ரகம். மஞ்சள் ஓடியிருந்தால், புள்ளி விழுந்திருந்தால் கீழே தள்ளிவிடுவார். அந்தத் தொழிலில் அவர் கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்புகிறேன். சங்கடம் என்னவென்றால், அந்தக் கண்ணை அவர் ஆபீசிலேயே கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. அரிசியை அப்படிப் பார்த்தார், வேட்டியை அப்படிப் பார்த்தார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான் பார்த்திருப்பார். பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்டாக இருந்ததால் என் கறுப்பை மன்னித்து எடுத்துக்கொண்டார்கள்.

நாய்க்குட்டிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. பெட்டை ஈன்று, குட்டிகள் உலர்ந்ததும் ஒவ்வொன்றாகத் தூக்கி ஜன்னல் பக்கம் கொண்டு போவார். முழு வெள்ளையென்றால் தாயிடம் திரும்பும். காதிலோ முதுகிலோ தவிட்டு நிறத்தில் ஒரு திட்டு இருந்தாலும் சாக்குப் பைக்குள் போகும். ஒரு கூலியாள் வந்து அந்தப் பையை மாஹூல் கழிமுகப் பக்கம் எடுத்துக்கொண்டு போவான். கொன்றோம் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். "கழிச்சாச்சு" என்பார்கள். பஞ்சில் கழிப்பது போல, கீரையில் பழுத்த இலையைக் கழிப்பது போல.

அப்படியும் புள்ளி வந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு மாமனார் கண்டுபிடித்த வைத்தியம் வெளி நாயே வேண்டாம் என்பது. அண்ணனுக்குத் தங்கையை விட்டார், அப்பனுக்கு மகளை விட்டார். பங்காளி முறையில் ஒருவன் பெண் எடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டு ஊருக்குக் கார்டுமேல் கார்டு எழுதிக் குதித்த மனிதர் இவர். நாய் விஷயத்தில் அந்த நியாயமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கேட்டால், "ரத்தம் சுத்தமா இருக்கணும்ல" என்பார்.

அவற்றுக்குக் காது கேட்கவில்லை என்பதை நான் கண்டுபிடித்தது ஒரு குடத்தால். குழாயடியில் பித்தளைக் குடம் கை நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது. எதிர் வீட்டில் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். குடம் உருண்டு போய் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பெரிய பெட்டை நாய் படுத்திருந்தது. அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றின் பின்னாலும் போய் நின்று கைதட்டிப் பார்த்தேன். ஒன்றே ஒன்று மட்டும் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தது. மற்ற மூன்றும் சுத்தச் செவிடு. என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் கொல்லைப்பக்கம் திருடன் வந்து வெந்நீர்த் தவலையைத் தூக்கிக்கொண்டு போன கதை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாய்களுக்கு மயக்க மருந்து வைத்துவிட்டான் என்று மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம் அந்தத் திருடன், செலவில்லாமல்தான் வந்திருப்பான்.

மாமனாரிடம் சொன்னேன். செவிடன் காதில் ஊதின சங்குதான். நாயைச் சொல்லவில்லை.

பெரிய பெட்டைக்குத் தோலில் சொறி வந்தபோது பரேல் பக்கம் ஒரு பார்சி மிருக டாக்டரிடம் போனோம். மாமனாரின் இந்தி பஞ்சு மூட்டை தூக்குகிறவர்களை விரட்டுவதற்கு மட்டும் போதுமானதாக இருந்ததால் என்னை உடன் அழைத்துப் போனார். டாக்டர் தோலைப் பார்த்தார். பிறகு நாயின் முதுகுப் பக்கம் நின்று, மேஜையில் கட்டையால் ஓங்கித் தட்டினார். நாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை தடவை குட்டி எடுத்தீர்கள், யாரோடு சேர்த்தீர்கள் என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. இந்தியும் இங்கிலீஷுமாக என்னையே திட்டித் தீர்த்தார். அதை மாமனாருக்கு மரியாதையான தமிழில் சொல்ல வேண்டியது என் பாடாயிற்று.

"மாமா, இதுக்குப் பிறவியிலேயே காது கேக்காதாம். இந்த மாதிரி முழு வெள்ளையில அது அடிக்கடி வருமாம். காது கேக்காத நாய வச்சுக் குட்டி எடுக்கவே கூடாதுங்கிறார். அப்பனையும் மகளையும் சேத்தது பெரிய தப்பாம். திட்டு விழுந்த குட்டிக்குத்தான் அநேகமா நல்லாக் காது கேக்குமாம். அத வளத்து, வேற வீட்டுல காது கேக்குற நாயாப் பாத்துச் சேக்கச் சொல்றார்."

மாமனார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "சொறிக்கு என்ன போடணும்னு கேளு" என்றார்.

திரும்பும்போது டாக்ஸியில் தீர்ப்பு சொன்னார். "அந்த ஆளு பார்சிக்காரர். சீமை நாயும் குதிரையும் பாத்தவரு. நம்ம ஊர் ரகத்தப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

அடுத்த வருஷம் நான் உண்டானேன். மாமியார், குழந்தை சிவப்பாகப் பிறக்க வேண்டுமென்று பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது பெட்டை ஈன்றது. குட்டிகளுக்குத் தகப்பன் பெட்டையின் சொந்தத் தகப்பனேதான். குட்டிகளில் இரண்டுக்குத் திட்டு இருந்தது, ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு இடது காதில். மாமனார் ஜன்னலடியில் நின்று பார்த்துவிட்டுச் சாக்கு எடுத்து வரச் சொன்னார்.

டாக்டர் பேச்சு எடுபடாத வீட்டில் எது எடுபடும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. நேரே அடுக்களைக்குப் போனேன்.

"அத்தை, புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல உயிரைக் கொல்லலாமா? எங்கம்மா பாம்பக்கூட அடிக்கக்கூடாதும்பாங்க."

மாமியாரின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. எத்தனையோ ஈற்றுக் குட்டிகள் சாக்கில் போனதை வாய் திறக்காமல் பார்த்த அந்த அம்மாள், ஈரக் கையோடு வாசலுக்குப் போய்ச் சாக்கைப் பிடுங்கினார். "வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு இருக்கா. அவ காலடியில பாவத்தக் கொண்டாந்து கொட்டாதீங்க!" என்றார். எனக்கு அந்தச் சாத்திரத்தில் எள்ளளவு நம்பிக்கையும் இல்லை. ஆனால் படித்த டாக்டருக்கு அசையாத மாமனார் தோஷத்துக்கு அசைந்தார்.

"சரி, பிரசவம் ஆகட்டும். அதுக்கப்புறம் இதுகளுக்கு இங்க சோறு கிடையாது" என்றார். ஆக, என் பிள்ளை வயிற்றில் இருக்கிற வரைக்கும் அந்தக் குட்டிகளுக்கு உயிர். நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். அதற்குள் இரண்டையும் எங்காவது சேர்த்துவிட வேண்டும்.

குட்டிகள் ஓடியாட ஆரம்பித்த சமயம் மாட்டுங்காவிலிருந்து ஒரு பேங்க் அதிகாரி வந்தார். அடிக்கடி வெளியூர் போகிறவர். மனைவி தனியாக இருப்பதால் காவலுக்கு நாய் வேண்டும் என்றார். வெள்ளைக் குட்டிகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. திட்டுக் குட்டிகள் இரண்டும் நாற்காலிக் காலைக் கடித்துக்கொண்டிருந்தன. நான் காப்பி டம்ளர்களை வைத்துவிட்டு, எவர்சில்வர் தட்டை வேண்டுமென்றே கீழே போட்டேன். முதுகுத் திட்டு பாய்ந்து நாற்காலிக்கு அடியில் போயிற்று. காதுத் திட்டு எகிறிக் குதித்துவிட்டு, திரும்பி வந்து தட்டைப் பார்த்துக் குரைத்தது. பாயில் இருந்தவை தூங்கின. இதைவிட எப்படி ஒரு மனிதனுக்கு விளக்குவது?

மாமனார் தொடையைத் தட்டினார். "பாத்தீங்களா! பயம்ங்கிறதே கிடையாது. இடி விழுந்தாலும் அசையாது. அந்தக் கழிவு ரெண்டையும் பாருங்க, தட்டு விழுந்ததுக்கே என்ன ஆட்டம்!"

"அமேசிங்" என்றார் பேங்க்காரர். இருப்பதில் வெளுப்பானதாகப் பார்த்து ஒன்றைச் சொல்லிவைத்துவிட்டுப் போனார். ஆயிரம் பேர் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் பணம் கொடுக்கிற மனிதர். வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புவதற்குப் படிப்பு ஒரு தடையே இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். நான் தட்டைக் கழுவி வைத்தேன்.

முதுகுத் திட்டுக் குட்டிக்கு இடம் கிடைத்தது. எங்கள் ஆபீசில் டெலிபோன் போர்டில் உட்காரும் தோழி தாராவியில் இருந்தாள், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். "புள்ளியா இருந்தா என்ன, பூசணிக்காயா இருந்தா என்ன? குரைக்கும்லா? தா பிள்ள" என்று கூடையில் வாங்கிப் போனாள். ஒரு வாரத்தில், "மூணாவது வீட்டுக்கு ஆள் வந்தாலே இங்க காத நிமித்துது" என்றாள். இரண்டையும் எடுத்துக்கொள்ள அவளுடைய ஒற்றை அறையில் இடமில்லை.

உண்மையைச் சொன்னால், காதுத் திட்டை நானும் வெளியே கொடுக்க விரும்பவில்லை. ஸ்டேஷனிலிருந்து வரும் என் செருப்புச் சத்தம் தெரு முனையில் கேட்டதுமே அது வாசல் கேட்டுக்கு ஓடி வந்துவிடும். நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு, அந்த ரயில் நெரிசலில் பிதுங்கி வருகிறவளை அந்த வீட்டில் வேறு யாரும் அப்படி எதிர்பார்த்ததில்லை. எனக்கு அதன்மேல் உயிர். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி என்னை மாட்டுங்காவுக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பியபோது கணவரிடம் சொன்னேன். "இது என்னோடது. குழந்தையோட வந்து இதை நான் பாத்துக்கிறேன். அதுவரைக்கும் நீங்க பொறுப்பு." சரி என்றார். நல்ல மனிதர்தான். அப்பா முன்னால் மட்டும் அவருக்கு வாய் இருப்பது மறந்துபோகும்.

பெண் குழந்தை பிறந்தது. என்னைப் போலவே நிறம். குங்குமப்பூ விற்றவன் நன்றாக இருக்கட்டும். கணவர் அப்பாவின் ஆபீசுக்குப் போன் போட்டுச் சேதி சொன்னார். மறுநாள் மாமனார் பெட்டி நிறைய ஸ்வீட்டோடு மாட்டுங்கா வந்தார். கணவர் அவருக்குப் பின்னால் நின்று தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குட்டி எங்க?" என்று கணவரைக் கேட்டேன்.

மாமனார்தான் பதில் சொன்னார். "அதான் புள்ள நல்லபடியாப் பொறந்தாச்சே. இனிமே என்ன தோஷம்? நேத்துச் சாயங்காலம் முனிசிபாலிட்டி நாய் வண்டி வந்துச்சு, குடுத்தாச்சு. ஒரு தொந்தரவும் இல்ல. வண்டிக்காரன் சூ சூன்னு கூப்பிட்டான், தானா ஓடிப் போய் ஏறிக்கிச்சு."

அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வராது என்பது பம்பாயில் எல்லோருக்கும் தெரியும். என் பிள்ளை பிறந்த சேதிதான் அதைக் கொன்றது. அந்தக் குட்டி காது கேட்காமல் பிறந்திருந்தால் பாயில் தூங்கிக்கொண்டிருந்திருக்கும்.

நான் அழுதேன். பிரசவித்த உடம்பு, பலவீனம் என்று அம்மா சொன்னாள். மாமனார் அதைப் பொருட்படுத்தாமல் தூளிக்குள் குனிந்து பார்த்தார்.

"ம்ம்... நம்ம பக்கத்து வெளுப்பு வரல" என்றார்.

பஞ்சு மார்க்கெட்டில் ரகம் கூவிப் பழகிய குரல் அது. குழந்தை உடம்பு தூக்கிவாரிப்போட்டு வீரிட்டது. அம்மா தூளியை ஆட்ட ஓடி வந்தாள். நான் அதற்குள் எழுந்து குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"இதுக்குக் காது கேக்குது மாமா" என்றேன். "உங்க வீட்டுக்கு ஆகாது."