கேமராவையே பார்த்த அக்கா

நம்ம ஊர் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி காட்டுகிறேன் என்று வீடியோ போடுகிறவன் நான். அதற்காகவே, இடுப்பில் தானே ஒட்டிக்கொள்ளும் வேட்டி ஒன்றும் வாங்கினேன். அதைக் கட்டிக்கொண்டு ஒருநாள் தாம்பரத்திலிருந்து கோவளம் போனேன்.

மீன் வெட்டிக் கொடுக்கும் அக்கா ஒருவர் படம் எடுக்கச் சம்மதித்தார். சேலைக்கு மேல் தொளதொளவென்று ஆண்பிள்ளைச் சட்டை, முழங்கை வரை செதில். யார் மீனை நீட்டினாலும், "கொழம்புக்கா, வறுக்கவா?" என்று கேட்காமல் அரிவாள்மனையில் வைக்கமாட்டார்.

"கேமராவைப் பாக்காதீங்கக்கா. எப்பவும்போல இருங்க" என்றேன்.

தலையாட்டியவர் எழுந்து போய், முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு வந்து கேமராவையே பார்த்தார்.

"ஐயோ அக்கா, நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கோங்க!"

"உன்ன யாருப்பா பாத்தா? எம்பொண்ணு குவைத்துல வூட்டு வேல செய்யுது. என்கிட்ட கீறது பட்டன் போனு, மூஞ்சி தெரியாது. எளச்சிட்டியாம்மான்னு கேட்டுகினே கீது. அதுக்கு இத்த அனுப்பு."

பிறகு கேமராவிடம், "நல்லாத்தான் கீறேன். நீ சாப்ட்டியா?" என்றார். பதிலுக்கு இடம்விட்டுக் கொஞ்சம் காத்திருந்தார்.

என் பேச்சை வெட்டிவிட்டு மற்றதை அப்படியே போட்டேன். அவர் மனப்பாடமாகச் சொன்ன நம்பருக்கும் அனுப்பினேன். அன்றே பதில் வந்தது: "சாப்ட்டேம்மா. பொய் சொல்ற, ரொம்ப எளச்சிட்ட."

மறுநாள் போய், "சாப்ட்டாங்களாம்க்கா" என்று மட்டும் சொன்னேன். மீதியை எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.