ஆறாவது கை

ராயபுரம் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்த அருள்நாதனுக்கு 1950-ல் கோர்ட்டுக்கு ஜூரியாக வரச்சொல்லிச் சம்மன் வந்தது. அந்தத் தெருவில் வேறு யாருக்கும் அப்படியொரு காகிதம் வந்ததில்லை. மனைவி ஐரீன் அவருடைய கல்யாணக் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

கொலை வழக்கு. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மாரியப்பனை மேஸ்திரி கோதண்டம் இரும்புக் கொக்கியால் மண்டையில் அடித்துக் கொன்றான் என்று குற்றச்சாட்டு. மேஸ்திரி ஆட்களை அடிக்கிறான் என்று மாரியப்பன் யூனியனில் புகார் சொல்லியிருந்தான். நேரில் பார்த்த சாட்சி, சுப்புராயன் என்ற கூலிக்காரன் ஒருவன்தான்.

“எத்தனை மணிக்குப் பார்த்தாய்?” என்றார் கோதண்டத்தின் வக்கீல்.

“மணி பாக்கத் தெரியாது சாமி. மத்தியானச் சங்கு ஊதிச்சு, அப்பதான்.”

பன்னிரண்டு மணிக்குக் கோதண்டம் ஆபீசில் தன் எதிரே உட்கார்ந்திருந்தார் என்று ஒரு கப்பல் ஏஜெண்டின் குமாஸ்தா முன்பே சொல்லியிருந்தார். வக்கீல் ஜூரிகளைப் பார்த்துச் சிரித்தார். ஜூரிகளும் சிரித்தார்கள். அருள்நாதனும் சிரித்தார்.

சிரித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மில் சங்கு ஊதுவது பன்னிரண்டுக்கு. துறைமுகச் சங்கு ஊதுவது பன்னிரண்டரைக்கு. ராயபுரத்தில் இரண்டுக்குமே மத்தியானச் சங்கு என்றுதான் பேர். துறைமுகத்துக் கூலி வேறு எந்தச் சங்கைச் சொல்லப் போகிறான்? அரை மணி நேரத்தில் ஏஜெண்ட் ஆபீசிலிருந்து நடந்தே வந்துவிடலாமே!

ஒன்பது ஜூரிகளும் தனியறையில் கூடினார்கள். தலைவர் ஒரு கம்பெனி மானேஜர். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். அருள்நாதன் சங்கு விஷயத்தை மனதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். பாதியில் தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்ப்பதற்குள், குற்றமில்லை என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். ஐந்து கைகள் எழுந்தன. தலைவரின் பார்வை அருள்நாதன் மேல் வந்து நின்றது. அவர் கையும் எழுந்தது. ஆறு பேர் ஒருபக்கம் இருந்தால் போதும். கோதண்டம் அன்றே விடுதலையானான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக மீன் விற்க வந்த ராஜாத்தி என்ற பெண், வாசலில் மீன் அரிந்தபடி ஐரீனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“கோர்ட்ல ஒம்போது பேரு குந்திக்கினு, ஹார்பர்ல மூட்ட தூக்குன எம் புருசன கொன்னவன வுட்டுட்டாங்கம்மா. எங் கொழுந்தன் தாமோதரன் கத்திய தீட்டிக்கினு கீறான். அவனும் ஜெயிலுக்குப் பூட்டா எனுக்கு ஆருமா கீறாங்க?”

உள்ளே இருந்த அருள்நாதன் வெளியே வந்தார். அந்த ஒன்பது பேரில் நான் ஒருத்தன் என்று சொன்னார். சங்கு விஷயத்தையும் மறைக்காமல் சொன்னார்.

ராஜாத்தி அரிவதை நிறுத்தினாள். “தெரிஞ்சிக்கினேவா கம்முனு இருந்த?” என்றாள். பாதி அரிந்த மீனை அப்படியே போட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அருள்நாதன் ராஜாத்தி இருந்த குப்பத்துக்குப் போனார். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த தாமோதரனிடம் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார்.

“அவனத் தொடாதப்பா. மறுபடி விசாரிக்கச் சொல்லி நான் எழுதறேன்.”

“நீ எழுதுனா கேப்பாங்களா சார்?”

“கேட்டுப் பாக்கறேன்.”

“சரி. பொங்க வரிக்கும் பொறுத்துக்கினு கீறேன்.”

அருள்நாதன் மூன்று வக்கீல்களைப் பார்த்தார். ஜூரி அறையில் நடந்ததைச் சொன்னால் கோர்ட்டில் செல்லாது, விடுதலையானவன் விடுதலையானவன்தான் என்று மூவரும் ஒன்றையே சொன்னார்கள். சர்க்காருக்கு எழுதிப்போட்ட மனுவுக்குப் பதிலே வரவில்லை.

பொங்கல் முடிந்த நாலாம் நாள், காலை பத்து மணிக்கு, டீக்கடை வாசலில் வைத்துத் தாமோதரன் கோதண்டத்தைக் குத்தினான். கோதண்டம் பிழைத்துக்கொண்டான், வலது கை மட்டும் பிறகு எழும்பவே இல்லை. தாமோதரன் கத்தியோடு ஸ்டேஷனுக்கு நடந்து போனான்.

அவன் வழக்கில் அருள்நாதன் அவன் பக்கத்துச் சாட்சியாகக் கூண்டேறினார். இந்த முறை தமிழிலேயே சொன்னார். அவர் சங்கைப் பற்றி ஆரம்பித்ததுமே, இந்த வழக்குக்கு அது சம்பந்தமில்லை என்று ஜட்ஜ் நிறுத்திவிட்டார். ஒன்பது ஜூரிகளும் பத்தே நிமிஷத்தில் ஒருமனதாகக் குற்றவாளி என்றார்கள். ஏழு வருஷம்.

ஜூரி விஷயத்தை வெளியில் பேசியதற்கு ஆபீசில் விளக்கம் கேட்டார்கள். வரவேண்டிய பிரமோஷன் நின்றது. ஐரீன் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், ஜெயிலுக்குக் கொண்டுபோக முறுக்கு சுட்டாள்.

மூன்று மாதம் தாமோதரன் அவரைப் பார்க்க மறுத்தான். நாலாவது மாதம் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றான்.

“இன்னா சார், சொம்மா வந்துகினே கீற? ஆபீஸ் இல்லியா?”

“லீவு போட்டேன்.”

தாமோதரன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “அவனக் குத்திட்டா நெஞ்சு எரியறது அடங்கிடும்னு நெனச்சேன் சார். அடங்கல. அவன் கத்துனது வேற காதுலயே கீது.”

அருள்நாதன் அடுத்த மாதமும் போனார். அதற்கடுத்த மாதமும் போனார்.

தண்டனை குறைந்து 1956-ல் வெளியே வந்த தாமோதரன், ராஜாத்தியோடு நேரே அருள்நாதன் வீட்டுக்கு வந்தான். ஐரீன் இலை போட்டாள். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். ராஜாத்தி மட்டும் தெருவிலேயே நின்றாள். ஐரீன் இரண்டு தரம் போய்க் கூப்பிட்டாள்.

“இருக்கட்டும்மா. நீங்க அவனுக்குப் போடுங்க” என்றாள் ராஜாத்தி.

அருள்நாதன் அவளைக் கூப்பிடவில்லை. தாமோதரன் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.